சிறுமியின் சொல் அம்பலம் ஏறிய வரலாறு

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பர். ஏழையின் சொல்லே ஏறாத அம்பலத்தில் ஏழை வீட்டுச் சிறுமியின் சொல் எங்ஙனம் ஏறும்? நூற்றாண்டுக் கணக்கில் ஏறவில்லை, பின்னர் ஏறிற்று. எப்படி ஏறிற்று, யார் தடுத்தனர், இன்னும் எத்தனை படிகள் எஞ்சியுள்ளன என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குத் தெற்கே உள்ளது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலையின் பெருமையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். குடத்திலிருந்து ஓலையை எடுத்த கை யாருடையது? ஏதுமறியாப் பாலன் ஒருவனுடையது! பெரியவர் கை சாயும், பிள்ளையின் கை சாயாது என்று சபை நம்பிற்று. பிள்ளையின் கையை நம்பினார்களே, நாவை நம்பினார்களா? சபையில் அமர வேதக் கல்வி வேண்டும் என்பது அக்கல்வெட்டின் விதி. வேதம் கற்றோர் போற்றிய மனுநூலோ, தகுதியுடைய சாட்சி கிட்டாதபோது மட்டுமே பெண்ணையும் பிள்ளையையும் அடிமையையும் கேட்கலாம் என்கிறது. கேட்டாலும் பிள்ளையின் சொல் உறுதியற்றது என்கிறது. பேராசையற்ற ஆடவன் ஒருவன் சாட்சியாகலாமாம். தூய பெண்டிர் பலர் கூடி நின்றாலும் ஆகாதாம், பெண்ணின் புத்தி நிலையற்றதாம்! பிள்ளையாகவும் பெண்ணாகவும் பிறந்தவளுக்கு அச்சாத்திரம் இரட்டைப் பூட்டுப் போட்டது.

சாத்திரத்தை விட்டுச் சீமைக்குச் சென்றால் அங்கே மட்டும் கதவு திறந்தா கிடந்தது? 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தலைமை நீதிபதி மாத்யூ ஹேல், இக்குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, அதிலிருந்து தப்புவது அரிது என்று எழுதிவைத்தார். அவர் மறைந்து நெடுங்காலம் சென்றும் நீதிபதிகள் அவ்வெச்சரிக்கையைப் பாராயணம் செய்தனர். 1779இல் பிரேசியர் வழக்கில், ஏழு வயது நிரம்பாத சிறுமியானாலும் சத்தியப் பிரமாணத்தின் பொருள் உணர்ந்தவளாயின் சாட்சி சொல்லலாம் என்று நீதிபதிகள் தீர்த்தனர். ஒரு படி ஏற்றம்தான். ஆனால் ஆண்டவன் மீது ஆணையிடத் தெரிந்தால்தானே சொல் செல்லும்? தெரியாத குழந்தைக்கு நேர்ந்த கொடுமை, கொடுமை இல்லையா?

1872இல் வந்த இந்திய சாட்சியச் சட்டம் இவ்வகையில் முற்போக்கானது. கேள்வியைப் புரிந்துகொண்டு பகுத்தறிந்து விடை கூறவல்ல எவரும் சாட்சியாகலாம் என்றது அதன் 118ஆம் பிரிவு. வயதும் பாலும் தடையல்ல. ஆயினும் சட்டம் திறந்த கதவுக்கு வழக்கம் தாழ்ப்பாள் போட்டது. பாதிக்கப்பட்டவளின் சொல்லுக்கு வேறொரு சான்று துணை நின்றாலன்றி நம்புதல் ஆகாது என்ற விதியை நீதிமன்றங்கள் கைக்கொண்டன. குற்றத்தில் கூட்டாளியாக இருந்து அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவனை எப்படி ஐயுறுவரோ, அப்படியே குற்றத்துக்கு இரையானவளையும் ஐயுற்றனர்!

அந்தத் தாழ்ப்பாளை முதலில் அசைத்தது 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராமேஷ்வர் வழக்குத் தீர்ப்பு. இராசத்தானத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமை அது. விசாரணை நீதிபதி தண்டித்தார். மேல்முறையீட்டில் செஷன்சு நீதிபதி விடுவித்தார். எதனால்? சிறுமி சொல்வது உண்மை என்று அவர் மனம் ஏற்றது. துணைச்சான்று போதாது, ஆகவே சட்டம் ஏற்காது என்றார். உண்மை என்று உணர்ந்தே ஒருவனை விடுவிக்கும் விந்தையைப் பாருங்கள்! உயர் நீதிமன்றம் தண்டனையை மீட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் தெளிவுபடுத்தினார்: துணைச்சான்று கேட்பது விவேகம் பற்றிய எச்சரிக்கையே, கட்டாயச் சட்டமன்று, எச்சரிக்கையை மனத்தில் கொண்ட பின், சூழ்நிலை இடங்கொடுத்தால், குழந்தையின் சொல்லை மட்டுமே கொண்டு தண்டிக்கலாம். பிரமாணம் செய்விக்காதது சாட்சியத்தைக் கெடுக்காது. நிகழ்ச்சிக்குப்பின் காலந்தாழ்த்தாமல் சிறுமி தன் தாயிடம் சொன்னதே துணைச்சான்றும் ஆகும்.

வழி பிறந்துவிட்டது என்று எண்ணினோம். ஆனால் 1972இல் மராட்டியத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்குள் பழங்குடிப் பெண் ஒருத்தி, பதினாறைத் தாண்டாத தாய்தந்தையற்ற கூலிப்பெண், இரு காவலர் மீது புகார் சொன்னாள். உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடலில் காயமில்லை, கூக்குரல் எழவில்லை, ஆகவே இசைவு இருந்தது என்றது! காவல் நிலையத்தில், காக்கிச் சட்டைக்கு முன் எந்தக் கூலிப்பெண் கூக்குரலிடுவாள்? 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் முதலிய சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் வரைந்தனர். மாதர் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது.

அதே 1983இல் குசராத்திலிருந்து வந்த பர்வாடா வழக்கு. பத்தும் பன்னிரண்டும் வயதான இரு சிறுமியர், தம் தோழியைக் காண அவள் வீட்டிற்குச் சென்றனர். தோழியின் தந்தையே குற்றவாளி. சாட்சி என்பவர் ஒளிப்பதிவுக் கருவியல்லர், சிறு முரண்களால் பெருஞ்செய்தி பொய்யாகாது என்று நீதிபதி தக்கர் விளக்கினார். துணைச்சான்று இல்லை என்று ஒதுக்குவது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும் என்ற கருத்தில் எழுதினார். வரவேற்கத்தக்க தீர்ப்பு. எனினும் காரணத்தை உற்று நோக்க வேண்டும். இந்நாட்டுப் பெண் மானத்துக்கு அஞ்சுபவள், மணவாழ்வு கெடும் என நடுங்குபவள், ஆகவே பொய் சொல்லாள் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. கற்பின் பெயரால் நேற்று ஐயுற்றனர். கற்பின் பெயராலேயே இன்று நம்பினர்! அளவுகோல் மாறவில்லை, அளந்தவர் மட்டும் மாறினர். 'கற்பழிப்பு' என்ற சொல்லே குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, இழந்தவள் இவள் என்று சிறுமியைச் சுட்டியதன்றோ?

1996இல் பஞ்சாபு அரசின் மேல்முறையீட்டில் நீதிபதி ஆனந்த் அளவுகோலையே திருத்தினார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவந்த சிற்றூர்ப் பெண்ணை 1984இல் காரில் கடத்திச் சென்றனர். பியட்டா, அம்பாசடரா என்று கார் வகையைப் பிரித்தறிய அவளுக்குத் தெரியவில்லை. தந்தை முதலில் ஊர்ப் பஞ்சாயத்தை நாடியதால் புகார் தாமதமாயிற்று. இவற்றைக் காட்டி விசாரணை நீதிமன்றம் எதிரிகளை விடுவித்திருந்தது. உழவன் மகளுக்குக் கார் வகை எதற்குத் தெரிய வேண்டும்? உச்ச நீதிமன்றம் தண்டித்தது. பாதிக்கப்பட்டவள் கூட்டாளி அல்லள், காயம்பட்ட சாட்சியைப் போன்றவள் என்றது. அவளது நடத்தையைப் பழிக்கும் உரிமை நீதிபதிக்கு இல்லை என்றது. பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறிச் சாட்சியத்தைக் குலைக்க இடந்தந்த சட்டப் பகுதி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. 2012 நவம்பர் 14இல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது: தனி நீதிமன்றம், மூடிய அறையில் விசாரணை, எதிரியின் முகம் பாராமல் சாட்சியம், மீண்டும் மீண்டும் அழைத்து அலைக்கழிக்கத் தடை.

தமிழகத்துக்கு வருவோம். 2020இல் இங்கிருந்து சென்ற கணேசன் வழக்கில், பெற்ற தாயே பிறழ்சாட்சியாக மாறினாள். பதின்மூன்று வயது மகள் மாறவில்லை. நம்பத்தக்க அவள் ஒருத்தியின் சொல்லே போதும் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் அரசு ஊழியர்களே புகுந்து மலைவாழ் மக்களைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாயினர், சிறுமியரும் அதில் அடங்குவர். 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டு நீதிபதி பொதுவாகச் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை; தட்டச்சுத் தாளையே காண்கிறார். தாளில் தயக்கம் முரணாகத் தெரியும், அழுகை மௌனமாகத் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகனோ தாளோடு நில்லாமல் 2023இல் வாச்சாத்திக்கே சென்று பார்த்தார்; அவ்வாண்டு செப்டம்பர் 29இல் முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார்.

அப்படியானால் குழந்தை சொன்னதெல்லாம் வேதவாக்கா என வினவலாம். அன்று! வேதவாக்கு என்று ஒன்றை ஏற்காதது பகுத்தறிவு. யாரேனும் சொல்லிக் கொடுத்தனரா, கதையின் நடுக்கூறு நிலைத்து நிற்கிறதா, பகை உண்டா என்றெல்லாம் நீதிமன்றம் ஆராயத்தான் வேண்டும். நிரபராதி சிறை செல்வதும் அநீதியே. ஆனால் ஐயத்துக்கும் காரணம் வேண்டும். நாள் மறந்தாள், நேரம் மறந்தாள் என்பது காரணமன்று. சிறுமி, பெண், ஏழை என்பது காரணமே அன்று. எடைபோடுவதை நாம் எதிர்க்கவில்லை. தராசில் முன்கூட்டியே வைக்கப்பட்ட கல்லைத்தான் எதிர்க்கிறோம்.

அந்தக் கல் நீதிமன்றத்தில் மட்டுமா இருக்கிறது? நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஆசிரியராகிய நாம் நிற்கும் வகுப்பறையிலும் இருக்கிறது. "வெளியே சொல்லாதே, மானம் போகும்" என்ற ஒரு சொல் போதும், எந்த நீதிபதியும் எடைபோட ஏதும் இராது. அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம் என்கிறது போக்சோ சட்டம். ராமேஷ்வர் வழக்கில் அந்த எட்டு வயதுச் சிறுமியின் வழக்கைத் தாங்கி நின்றது எது? அவள் தாயிடம் சொன்னாள், தாய் செவிமடுத்தாள். உச்ச நீதிமன்றம் வரை ஏறிய ஏணியின் முதற்படி அதுதான். தோழர்களே, முதற்படியில் நிற்பவர் நாம். குழந்தை பேச வரும்போது வாயைப் பொத்தாமல் காதைத் திறப்போம்!