தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரை ஊர். பழம்பெயர் சடங்கன்பாடி. இவ்வூரின் வரலாற்றைப் படிக்கப் பலரும் டேனிஷ் கோட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306 அளவில் எழுந்த அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் டேனியருக்கு இங்கே வணிக உரிமை அளித்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் உள்ளது. தளபதி ஓவே கெட்டே கோட்டையைக் கட்டினார்; மிளகு முதலான சரக்குகள் அதன் கிடங்குகளில் அடைந்தன.

ஆனால் ஊருக்கு நிலைத்த புகழைத் தந்தது மிளகல்ல, அச்சு. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் கல்லறையும் இருக்கிறது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். கோட்டையில் இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது.