கலப்பு உயிரி எரிபொருள் துளி எரிதல்

எத்தனால், பயோடீசல் போன்ற தாவர வழி எரிபொருள்களைப் பெட்ரோலிய எரிபொருளுடனோ ஒன்றோடொன்றோ கலந்து தெளிக்கும்போது, ஒவ்வொரு துளியும் சூடேறி, ஆவியாகி, எரிந்து தீரும் விதத்தைக் குறிப்பது இது. டீசல் எஞ்சின், விமான எஞ்சின், கொதிகலன் ஆகியவற்றில் இதற்கு முக்கிய இடமுண்டு. மயிலாப்பூர், தி.நகர் பங்க்குகளில் போடும், 20% எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி விழுமுன்பே துளிகள் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

உண்மையில் எரிவது திரவமல்ல, ஆவி. துளியைச் சுற்றிச் சற்றுத் தள்ளித் தீ நிற்கும். அதன் வெப்பம் துளியின் பரப்பை மேலும் ஆவியாக்கும். ஒரே பொருளாலான துளி சூடேறியபின், அதன் விட்டத்தின் வர்க்கம் சீராகக் குறைந்துகொண்டே போகும். 1953இல் காட்சேவ், ஸ்பால்டிங் ஆகியோரின் ஆய்வுகளில் தெளிவான விதி இது. காற்றில் எரியும் ஹைட்ரோகார்பன்களுக்கு இந்தக் குறைவு நொடிக்கு ஏறத்தாழ 1 சதுர மில்லிமீட்டர். ஆகவே 1 மி.மீ. துளி ஒரு நொடி எரியும். 50 மைக்ரான் துளிக்கு 2.5 மில்லிநொடி போதும்.

கலவை இந்த ஒழுங்குக்கு அடங்காது. இரு பாகங்களின் சராசரியாகவும் எரியாது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், பயோடீசலுக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். பரப்பிலுள்ள எத்தனால் முதலில் தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது எளிதில் வெளியே வராது: திரவத்துக்குள் மூலக்கூறுகள் பரவும் வேகம், வெப்பம் பரவும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பரப்பில் பயோடீசல் மிகுந்து சூடு ஏற ஏற, நடுவில் சிக்கிய எத்தனால் கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே கிடக்கும். சுமார் 190 டிகிரியில் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. குமிழ் பிறக்கும், காயும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் துளி சிதறும். இதுவே நுண்வெடிப்பு. ஓரத்தில் மட்டும் ஆவி பீறிட்டால் அது சீறல். எத்தனால் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் வெடிப்பு நிகழாது. புங்கம், காட்டாமணக்கு எண்ணெய்களிலிருந்து எடுக்கும் பயோடீசல் டீசலைவிடக் கெட்டியானது, தெளித்தால் துளிகள் பெரிதாகவே விழும். அவற்றை எஞ்சினுக்குள்ளேயே மீண்டும் பொடியாக்கித் தருவதால் இந்த வெடிப்புக்கு மதிப்பு.

ஆய்வகங்களில் துளியை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைத்து, அதிவேகக் கேமராவில் படமெடுப்பார்கள். வசதியான முறைதான், ஆனால் இழையின் சொரசொரப்பிலேயே குமிழ் எளிதாகப் பிறந்துவிடும் என்பதால், அதில் காணும் வெடிப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. சூடான வாயு மேலெழுந்து தீயை நீட்டிவிடுவது இன்னொரு தொல்லை. எடையற்ற நிலையில் தீ உருண்டையாக நிற்கும். அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடியின் தேசிய எரிதல் ஆய்வு மேம்பாட்டு மையத்தில் அந்த நிலையை இரண்டரை நொடிக்குத் தரும் விழுகோபுரம் உண்டு. அவ்வளவு நேரம் தடையின்றி விழ 30 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் தேவை. 1 மி.மீ. துளி எரிந்து தீர அது தாராளம்.

டீசலும் எத்தனாலும் நேரடியாகக் கலந்தால் நிலைக்காது. சிறிது ஈரம் சேர்ந்தாலே பிரிந்துவிடும். பயோடீசல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், மூன்றும் கலந்த துளிகளும் ஆய்வுக்கு வருகின்றன.