படிகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பயணம்

வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்ததும் நம்மூரில் அவரைச் சிதம்பரத்துக்காரர் என்று கொண்டாடினோம். இங்கே குஜராத்தில் அவர் பரோடாக்காரர். இரண்டுமே சரிதான். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர், மூன்று வயதில் பரோடா வந்துவிட்டார். அப்பாவுக்கு எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் பயோகெமிஸ்ட்ரி துறையில் வேலை. பையனும் அங்கேயே பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்து 1971-ல் அமெரிக்கா போனார். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இவ்வளவு போதும் என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதற்கப்புறம் நடந்த கதைதான் பிடித்தது. அதில் ஏகப்பட்ட பயணம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கும் குட்டித் தொழிற்சாலைதான் ரைபோசோம். அது எப்படி இருக்கிறது என்று பார்க்க, அதை முதலில் படிகமாக்கி எக்ஸ்-கதிரை அதன்மேல் பாய்ச்சவேண்டும். சிதறும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆய்வுக்கூடத்து எக்ஸ்-கதிர்க் குழாய் உப்புக்கும் சர்க்கரைக்கும் தாராளமாகப் போதும். ரைபோசோமின் சின்னப் பாதியிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேல் அணுக்கள். இதற்கு சின்க்ரோட்ரான்தான் வேண்டும். எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளி வேகத்தில் ஒரு பெரிய வளையத்தில் சுற்றவிட்டு, அவை வளையும்போது கொட்டும் எக்ஸ்-கதிரைப் பிடிக்கிற ஏற்பாடு. சிகாகோ பக்கத்தில் ஆர்கான் ஆய்வகத்தில் இருக்கும் வளையத்தின் சுற்றளவு 1,104 மீட்டர். இதை எந்தப் பேராசிரியரும் தன் லேபில் வைத்துக்கொள்ள முடியாது. விண்ணப்பம் போட்டு, ஒதுக்கிய நாளில், ஒதுக்கிய மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக் கிளம்பவேண்டும். படிகம் சரியில்லையென்றால் அந்த நேரம் போனது போனதுதான்.

இந்த அலைச்சலை முதலில் பட்டவர் இஸ்ரேலின் அடா யோனத். 1980-லேயே ரைபோசோமைப் படிகமாக்கிக் காட்டினார். நடக்காத காரியம் என்று நினைத்தவர்கள்தான் அப்போது அதிகம். இஸ்ரேலுக்கும் ஜெர்மனிக்குமாக அவர் பல வருஷம் அலைந்தார். ஹாம்பர்க் சின்க்ரோட்ரான் கதிர் பட்டதும் படிகம் கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போகும். எண்பதுகளின் பிற்பாதியில் ஹோகன் ஹோப் என்பவரோடு சேர்ந்து, படிகத்தைச் சட்டென்று மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிரவைத்துவிட்டால் தாக்குப்பிடிக்கும் என்று காட்டினார். பின்னால் இந்தத் துறையில் எல்லாருக்கும் சோறு போட்டது இந்த உத்திதான் என்பேன். படிகத்தைத் திரவ நைட்ரஜன் பாத்திரத்தில் வைத்து நாடு விட்டு நாடு கொண்டுபோக முடிந்ததும் இதனால்தான்.

வெங்கி 1999-ல் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். அந்த ஆகஸ்டில் 5.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் சின்னப் பாதியின் படம் வெளியானது. அந்த அளவில் மொத்த வடிவம் தெரியும், அணுக்கள் தெரியாது. யோனத் குழுவும் அதே பாதியின் பின்னால்தான் இருந்தது. பெரிய பாதியில் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டைட்ஸ், மூர் குழு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. யார் முந்துவது என்பது கிட்டத்தட்ட மாதக் கணக்குக்கு வந்துவிட்டது.

வெங்கியின் குழு செய்த புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரைபோசோம் படிகங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தரத்தில் ஏகத்துக்கும் வித்தியாசப்படும். ஆர்கானில் போய் நல்லது எது, மட்டமானது எது என்று பொறுக்கிக்கொண்டிருந்தால் கிடைத்த நேரம் அதிலேயே கரைந்துவிடும். அதனால் இங்கிலாந்திலேயே டேர்ஸ்பரியில் இருந்த பழைய சின்க்ரோட்ரானில் (அது 2008-ல் மூடப்பட்டது) ஒவ்வொரு படிகத்துக்கும் இரண்டே இரண்டு குட்டி எக்ஸ்போஷர் கொடுத்துச் சோதித்தார்கள். தேறியவை மட்டும் பெரிய வளையத்துக்குப் போயின. கல்யாணச் சமையலுக்குக் காய்கறியை முதல்நாளே ஆய்ந்து வைத்துக்கொள்வது மாதிரி :-)

ஆர்கானிலும் பிரான்ஸின் கிரெநோபிளிலும் எடுத்த தரவுகளிலிருந்து சுமார் 3 ஆங்ஸ்ட்ராமில் கட்டமைப்பு கிடைத்தது. 2000 செப்டம்பரில் நேச்சரில் வந்தது. யேல் குழுவின் பெரிய பாதி அதற்கு முந்தின மாதம் சயன்ஸில் வந்திருந்தது. அதே செப்டம்பரில் செல் இதழில் யோனத் குழுவின் சின்னப் பாதியும் வந்தது. நோபலை வெங்கி, ஸ்டைட்ஸ், யோனத் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

வெங்கி குழுவின் கட்டுரை வந்த அதே நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரையும் இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பது அதில் தெரிந்தது. போன தலைமுறையில் டி.பி. வந்த வீடுகளில் அந்த ஊசியை அறியாதவர்கள் குறைவு. பாக்டீரியாவின் தொழிற்சாலையில் அது எந்த இடத்தில் கைவைக்கிறது என்று பார்க்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தோரில் இண்டஸ்-2 என்று ஒரு சின்க்ரோட்ரான் இருக்கிறது, 172 மீட்டர் சுற்றளவு. அது வந்த பிறகும் நம் ஆராய்ச்சியாளர்கள் இத்தாலியின் ட்ரியஸ்தேக்கும் ஜப்பானின் சுகுபாவுக்கும் போய்வந்தார்கள். அங்கே கதிர்த்தடங்களுக்கு இந்திய அரசே பணம் கொடுத்திருந்தது. இப்போது பல இடங்களில் படிகத்தை மட்டும் கூரியரில் அனுப்பிவிட்டு, ஊரிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அங்கிருக்கும் ரோபோவை இயக்குகிறார்கள்.