சிறையில் முளைத்த விதை



ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்திற்கு, 1687ஆம் ஆண்டு, நோயுற்ற ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார் கோவாவின் குருவான புனித யோசப் வாஸ் அடிகளார். சில்லாலை மக்கள் அடைக்கலம் அளித்தனர். இரவுகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேறியது.

1692இல் கண்டியில், போர்த்துக்கேய ஒற்றர் என்னும் ஐயத்தால் சிறையிடப்பட்டார். அச்சிறையே அவர் சிங்களம் கற்ற பள்ளியாயிற்று. 1697இல் பெரியம்மை பரவி, உற்றாரும் நோயாளரைக் கைவிட்டபோது, அவரே அவர்களைப் பேணினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். மறைபரப்ப மன்னனின் ஆதரவும் கிடைத்தது.

போரில் வீட்டையும் உறவையும் இழந்து இக்கரை சேர்ந்த உங்களிடம், துன்பம் நல்லதென்று சொல்ல நான் துணியேன். ஆயினும், துன்பமுற்றவன் பிறர் புண்ணைத் தொடும்போது இறைவன் அங்கே நன்மையை விளைவிக்கிறார். இவ்வாரம், தனித்திருக்கும் முதியவர் ஒருவரைச் சென்று பாருங்கள்.

இறையாசீர் உங்களோடு.