சமயம் பரவிய இருநெறி

ஒரு சமயம் உள்ளத்தைத் தொட்டுப் பரவிற்றா, உடலை அச்சுறுத்திப் பரவிற்றா என்று ஆராய்தல் வரலாற்றாசிரியர் கடனாம். மேலை ஐரோப்பாவிற் கிறித்து சமயம் பரவிய வரலாற்றில் இவ்விருநெறியும் காணப்படும்.

பாப்பரசர் கிரெகோரி விடுத்த அகஸ்தீன் என்னுந் துறவி, கி.பி. 597-ல் ஆங்கில நாட்டுக் கெந்துப் பகுதியை அடைந்தனர். ஆண்டு அரசு புரிந்த எத்தல்பெர்ட்டின் தேவி பெர்த்தா பிராங்கியர் குலத்துக் கிறித்தவள். அதுவும் அவர்க்குத் துணையாயிற்று. 601-ல் கிரெகோரியார் பழங்கோயில்களை இடிக்குமாறு முதற்கண் அரசனுக்கு எழுதினர். பின்னர் மெலிட்டசு என்பார்க்கு விடுத்த திருமுகத்தில் அக்கருத்தை மாற்றி, உருவங்களை மட்டும் அழித்துக் கோயில்களைத் தூய்மை செய்து கொள்க எனவும், விழாவிருந்துகளை முற்றும் விலக்கற்க எனவும் பணித்தனர். பழகிய இடமாயின் மக்கள் விரும்பி அணுகுவர் என்பது அவர் துணிபு. 731-ல் பீடர் முடித்த வரலாற்று நூலில் இத்திருமுகம் உளது.

பிராங்கிய வேந்தன் சார்லமேன் வழி வேறு. அவன் 772-ல் சாக்சனியர் போற்றிய இர்மின்சூல் என்பதனை அழித்தனன். 782-ல் வெர்டனில் 4,500 பேரைக் கொல்வித்தான் என அவனது அரச ஆண்டுக்குறிப்பே கூறும். ஞானநீராட்டை மறுப்போர்க்குக் கொலைத்தண்டமும் விதித்தனன். அவன் அவைப்புலவர் அல்குயினோ, நம்பிக்கை விருப்பின்பாற்பட்டது, வலிந்து புகுத்தலாகாது என 796-ல் எழுதினர். 797-ல் தண்டங்கள் தணிக்கப்பட்டன.

எத்தல்பெர்ட் 616-ல் இறந்தபின் அவன் மகன் தந்தை சமயத்தை முதற்கண் ஏற்றிலன். சாக்சனியருள்ளும் 841-ல் பழவழக்கிற்கு மீள விழைந்து ஸ்டெல்லிங்கா கிளர்ச்சியில் எழுந்தோர் பலர். மென்மையாயினும் வன்மையாயினும் அரசன் நிழலையே பற்றி நின்ற சமயம் அந்நிழல் நீங்கியவழித் தளர்ந்தமை இவற்றாற் பெறப்படும். அல்குயின் கூற்றின் உண்மை ஈண்டே விளங்கும்.