கொல்லன் பட்டறையும் துறவியின் கம்பியும்

இசையின் கணக்கு கொல்லன் பட்டறையில் பிறந்தது என்றொரு பழங்கதை உண்டு. கிரேக்க ஞானி பித்தாகரஸ் பட்டறை ஒன்றைக் கடந்து செல்கையில், சுத்தியல்களின் ஓசை ஒன்றோடொன்று இயைந்து ஒலிக்கக் கேட்டாராம். உள்ளே சென்று நிறுத்துப் பார்த்தபோது, அவற்றின் எடைகள் 12, 9, 8, 6 என்னும் விகிதத்தில் இருந்தனவாம். அதே எடைகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு மீட்டியபோதும் அதே இசைவு பிறந்ததாம். 6-ஆம் நூற்றாண்டில் போவேசியுஸ் தம் இசை நூலில் இதனை எழுதி வைத்தார். இடைக்காலக் கல்விக்கூடங்கள் அந்நூலைப் பாடமாகப் போற்றின.

எங்கள் பங்கின் பாடகர் குழுவினருக்கு நானும் இக்கதையைச் சொல்லி வந்தேன். ஒருநாள் சிறுவன் ஒருவன், “சாமி, நீங்க தொங்கவிட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. அவ்வினாவே என்னை ஒரு துறவியின் வரலாற்றிடம் கொண்டு சேர்த்தது.

கதையின் விகிதங்கள் மெய்யே. ஆனால் அவை கம்பியின் நீளத்திற்கு உரியவை. ‘ச’ ஒலிக்கும் கம்பியைச் சரிபாதியாக்கினால் மேல்தாயி ‘ச’ கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ‘ப’ கேட்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் ‘ம’ கேட்கும். எடைக்கு இக்கணக்குப் பொருந்தாது. மேல்தாயி வேண்டுமானால் கம்பியை இழுக்கும் எடையை நான்கு மடங்காக்க வேண்டும். கலிலேயோவின் தந்தையும் இசைவாணருமான வின்சென்சோ கலிலேய் இதனை 1589-இல் எழுதினார்.

அவ்வழியை விரிவாக்கியவர் பிரெஞ்சுக் குருவான மாரேன் மெர்சேன். 1588-இல் பிறந்து, பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் தோற்றுவித்த மினிம் சபையில் 1611-இல் சேர்ந்தவர். சிறு கம்பியின் அதிர்வுகளை எண்ண எவராலும் இயலாது. ஆகவே அவர் மிக நீண்ட நாணை இழுத்துக் கட்டி, அதன் மெதுவான அசைவுகளைக் கண்ணால் எண்ணினார். நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிக்கும் என்னும் விதியைக் கொண்டு சிறு கம்பியின் அதிர்வைக் கணக்கிட்டார். நீளம், இழுவிசை, கனம் ஆகிய மூன்றும் சுருதியை அமைக்கும் முறையை 1636-இல் வெளிவந்த தம் இசைப் பெருநூலில் விளக்கினார். அவ்விதிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பிரபஞ்சம் முழுவதும் இறைவன் வகுத்த இசைவு உண்டென்று மெர்சேன் நம்பினார். நம்பியதனாலேயே அளந்தும் பார்த்தார். முன்னோர் மொழியைச் சோதிப்பது அவமதிப்பாகாது. படைத்தவரின் கணக்குப் பிழையாது என்னும் உறுதி உள்ளவனுக்குச் சோதிக்க அச்சம் ஏது?

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் பின், ஒரே அளவான இரு கம்பிகளைக் கட்டினோம். ஒன்றில் ஒரு செங்கல்லையும் மற்றதில் இரண்டையும் தொங்கவிட்டு மீட்டினோம். மேல்தாயி வரவில்லை. நான்காவது செங்கல் ஏறியபின் அச்சிறுவன் மீண்டும் மீட்டினான். இரு கம்பிகளும் இயைந்து ஒலித்தன. இப்பொழுது அக்கதையை நான் திருத்தியே சொல்கிறேன்.