காவலூர் குறுங்கோளும் ஒரு வர்க்கமூலமும்

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அவர் 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் கேட்ட கேள்வி இது:

√(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு?

விடை 3.

எது எந்த மூலத்துக்குள் அடங்கும் என்பதை மூலக்குறியின் மேல்கோடு காட்டிவிடும் (நான் இங்கே அடைப்புக்குறி போட்டிருக்கிறேன்). அந்தக் கோட்டை 1637-ல் குறியோடு சேர்த்தவர் டெகார்ட். ஆனால் கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பதைக் கோடு சொல்லாது; அது வெறும் வழக்கம்தான்.

√(1+2√(1+3)) மட்டும் போட்டுப் பாருங்கள். உள்ளே √4, அதாவது 2. பெருக்கலை முதலில் செய்தால் √5. இடமிருந்து வலமாக 1+2-ஐ முதலில் கூட்டினால் √6!

வேடிக்கை என்னவென்றால், தவறான வழியில் முடிவில்லாமல் போனாலும் ஓர் எண்ணில்தான் போய் நிற்கும்: சுமார் 3.81. எனக்கு முதலில் வந்ததும் அதுதான். சரியென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.